பக்கத்து பெஞ்சுக்காரர்

கரும்பலகையில் அன்றைய சொல்லை எழுதிவிட்டு, சாக்பீஸும் கையுமாகத் திரும்பினாள் ருச்சிகா என்ற இளம்பெண்.

மெட்டிக்குலஸ்.

"சின்ன விஷயத்தையும் விடாம கவனமா செய்யறவங்களை இப்படிச் சொல்லணும். ஒவ்வொருத்தரா எழுந்து, உங்க வீட்டைப் பத்தி இதை வச்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

கடைசி பெஞ்சில் மிதிலேஷ் குமாரி, பைக்குள் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கான்பூரில் அவள் சேரும் மூன்றாவது ஆங்கில வகுப்பு இது. முதல் இரண்டிலும் வாயைத் திறந்தாள், சிரித்தார்கள், மறுநாள் போகவில்லை. அடுத்த மாதம் தலைமை நர்ஸ் பதவிக்கு நேர்முகத் தேர்வு. கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

காலையில் பன்கி கோயில் அனுமாரிடம் சொல்லிவிட்டே வந்திருந்தாள்: இன்றைக்கும் சிரித்தால் இதோடு விட்டுவிடுவேன், சாமி. கோபித்துக்கொள்ளாதே.

அவள் பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் முதலில் எழுந்தார்.

"போன வாரம் பூரா எனக்கு ஒரே மெட்டிக்குலஸ்," என்றார், தத்தித் தத்தி ஆங்கிலத்தில். "டாக்டர் மோர் குடிக்கச் சொன்னார்."

வகுப்பே குலுங்கியது.

"எத்தனை கச்சோரி உள்ளே போச்சு, திரிலோகி ஜி?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நாலே நாலுதான்டா!"

மறுபடியும் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். மிதிலேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. வார்டில் நோயாளியை யாராவது கேலி செய்தால், கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறவள் அவள்.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது வியாதி இல்லை அண்ணா," என்று அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். ஆங்கிலம் தானாக வந்தது.

"நான் மெட்டிக்குலஸான நர்ஸ். ஒரு மாத்திரைகூடத் தவறாது. என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளும் இருந்தாள்.

மறுநாள் வேளையோடு கிளம்பினாள். பாவம், அந்த மனிதருக்கு வகுப்பு தொடங்குமுன் நாலு சொல்லாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவளுக்கு முன்பே எல்லோரும் வந்திருந்தார்கள்; கடைசி பெஞ்ச் மட்டும் காலியாக இருந்தது. ருச்சிகா முதல் பெஞ்சில், மற்ற மாணவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள்.

பலகைக்கு முன்னால் ஆங்கிலம் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். வழுக்கைத் தலையைக் கூச்சத்தோடு தடவிக்கொண்டார்.

"வாங்க சிஸ்டர். நாளைக்குப் புதுசா ஒருத்தர் சேர்றார். வாயே திறக்க மாட்டாராம். அவர் பக்கத்துல உட்கார்ந்து, முதல் தப்பை நீங்க பண்றீங்களா?"