சஃப்ரின் எழும் வரை

மூன்றாவது முறையும் சிவப்பு.

தவறான விடை என்றது திரை. எங்கே தவறு என்று சொல்லாது. அதைச் சொல்லிவிட்டால் போட்டி எதற்கு?

அவள் கை மறுபடி கீபோர்டுக்குப் போனது. எதையாவது மாற்ற வேண்டும். எதை என்று தெரியவில்லை. மாற்றாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏட்டி, எந்தி," என்றாள் இசக்கி.

மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நிரல் எழுதும் போட்டியின் விதி அது. இன்னொரு விதி அவர்கள் அணிக்கு மட்டும். ஒருமுறை தவறானால் நாற்காலியை விட்டுவிட வேண்டும். நிரலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து பென்சிலால் தேட வேண்டும். விதியைப் போட்டவளே இப்போது நாற்காலியில் இருந்த அவள்தான். போன வருடம் கடைசிவரை நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரே கணக்கில் மூன்று பேரையும் கவிழ்த்த பிறகு போட்டது.

இன்று அதை இரண்டு முறை மீறியாயிற்று.

எழுந்தாள்.

சஃப்ரின் உட்கார்ந்தாள். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். ஜி என்று எழுத்திட்ட கணக்கைத் தாளிலேயே முடித்து வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

இப்போது சிவப்பு வாங்கிய எஃப் கணக்கும் வேண்டும், ஜியும் வேண்டும். இரண்டும் வந்தால் அடுத்த சுற்று. ஒன்று குறைந்தாலும் திருநெல்வேலிக்குத் திரும்பும் ரயில். சஃப்ரினுக்கு அடுத்த வருடம் உண்டு. இறுதியாண்டில் இருக்கும் அவளுக்கும் இசக்கிக்கும் இதோடு சரி.

இசக்கி காகிதத்தை நீட்டினாள். முதல் சிவப்பு வந்தபோதே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். இவள்தான் எழுந்து வரவில்லை.

படித்தாள். முதல் வரி சரி. அடுத்ததும் சரி. கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஏன் சிவப்பு?

கால் ஆடத் தொடங்கியது. அவளுடைய பழைய வியாதி. மேசை அதிர்ந்தது. சஃப்ரின் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். இசக்கி தன் காலை எடுத்து, ஆடிய பாதத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

ஒரு கணக்கு முடிந்தால் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். எஃப்புக்கு மஞ்சள், ஜிக்கு நீலம். பக்கத்து மேசையில் ஒரு மஞ்சள், ஏ.சி. காற்றில் ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு நல்ல பெயர் தேட இப்போது நேரமில்லை.

மறுபடி முதல் வரி.

சின்ன எண்களைப் போட்டுக் கையாலேயே கணக்கிட்டாள். விடை சரி. பெரிய எண்கள். அதுவும் சரி. பென்சில் முனை ஒடிந்தது.

தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கிய இசக்கி, பாட்டிலை இறக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்தாள். திரையின் மேல் ஓரத்தில் அவர்கள் அணியின் வரிசை.

"ஜிக்கு நேரா மூணு செவப்பு கெடக்கு," என்றாள். "நாம இன்னும் ஜி அனுப்பவே இல்லியே."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

எஃப்பின் விடையை ஜியில் போட்டிருக்கிறாள். அனுப்பும் பக்கத்தில் ஜி என்றே இருந்திருக்கிறது. எந்தக் கணக்கு என்று பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள். மூன்று முறையும். போதாததற்கு, முதலில் சரியாக இருந்ததை இரண்டு முறை திருத்தித் திருத்திக் கெடுத்திருக்கிறாள்.

சரியானது கையில் இருந்தது. காகிதத்தில்.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

கெடுத்ததைச் சரிசெய்து அனுப்பக் கொஞ்ச நேரம் போதும். அந்தக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாற்காலியில் சஃப்ரின் இருந்தாள், பாதி வழியில். இப்போது எழுப்பினால் அவள் தலைக்குள் கட்டி வைத்திருப்பது அத்தனையும் கலைந்துவிடும்.

போன வருடம் என்றால் எழுப்பியிருப்பாள். தோளைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள், நாற்காலியையே இழுத்திருப்பாள்.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

சஃப்ரினின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. எங்கே என்று இங்கிருந்தே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சஃப்ரினே கண்டுபிடித்துவிட்டாள்.

அனுப்பினாள்.

பச்சை.

"உக்காருங்கக்கா," என்று எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அவள் உட்கார்ந்தாள். காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் திருத்தினாள். விரல்கள் ஓடத் துடித்தன. விடவில்லை.

அனுப்பும் பக்கம். இப்போதும் ஜி என்றுதான் இருந்தது. மாற்றினாள்.

"என்ன இருக்குன்னு படி," என்றாள்.

"எஃப்," என்றாள் சஃப்ரின்.

இசக்கியும் குனிந்து பார்த்துத் தலையசைத்தாள்.

அழுத்தினாள்.

காத்திருக்கவும் என்றது திரை. கூடத்தில் மணி அடித்தது. எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். திரை இன்னும் மாறவில்லை.

பலூன்காரப் பெண் வந்து நீலத்தை மேசைக் காலில் கட்டினாள். கட்டி முடித்து, அடுத்த பலூன் எந்த மேசைக்கு என்று தன் கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள், பலூன்கள் கொத்துக் கொத்தாக நின்ற மூலைக்கு.

மேசை அதிர்ந்தது.

நாற்காலியில் இருந்தவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது அசையவில்லை. ஆடிக்கொண்டிருந்தது சஃப்ரினின் கால்.

தன் பாதத்தை எடுத்து அதன் மேல் மெல்ல வைத்தாள்.