பாதிப் பாயிண்ட்

பெயிண்ட் கடைக்காரருக்கு முதலில் துரோகம் செய்தது மச்சினன். விமானக் கம்பெனி, பேங்க், பெற்ற மகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில் வந்தார்கள்.

கிரெடிட் கார்டை அவர் கையில் திணித்தவனே அவன்தான்.

"கடைக்குச் சரக்கு எப்படியும் வாங்கத்தானே போறீங்க மாமா? இதுல வாங்குங்க. பாயிண்ட் சேரும். நீங்களும் அக்காவும் காசில்லாம பிளேன்ல போய்ப் பேத்தியைப் பார்த்துட்டு வரலாம்."

வாங்கினார். டப்பா டப்பாவாக வாங்கினார். இரண்டு டிக்கெட்டை நெருங்கும்போதெல்லாம் விமானக் கம்பெனிக்காரன், இத்தனை போதாது, இன்னும் வேண்டும் என்று ஏற்றிவிடுவான். பேத்தி பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள்.

"நான் பணம் அனுப்பறேன்ப்பா, கிளம்பி வாங்க" என்று மகள் கெஞ்சினாள்.

"காசு குடுத்துப் போறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா?" என்று அவளோடு பேச்சை நிறுத்தினார். மகளுக்குப் பரிந்து பேசிய மனைவியோடும் நிறுத்தினார். ஒரே வீட்டில், மாதக்கணக்கில். அந்தப் பேச்சு மறுபடி தொடங்குவதற்குள் மனைவி மாரடைப்பில் போய்விட்டாள்.

மகள் வந்து அழுதுவிட்டுக் கிளம்பும்போது, "நீங்களாவது வாங்கப்பா" என்றாள்.

இரண்டு பேருக்குப் போதாத பாயிண்ட் ஒருவர் போய்வரப் போதும். அந்தத் தைரியத்தில் பேங்கில் கேட்டால், பாதியைக் காணோம்.

கார்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்வது மச்சினன். பாஸ்வேர்டு அவனிடம். வேறு எவன் கை வைப்பான்?

அவனைக் கடைக்கு வரச் சொன்னார். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்து, ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"பாதிப் பாயிண்ட் எங்கடா?"

மச்சினன் பெயிண்ட் கலக்கும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"நான்தான் மாமா எடுத்தேன்."

"கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்றான்!" கடைக்காரர் சாட்சியின் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவ செத்த வீட்டுலயே கைவரிசையைக் காட்டியிருக்கான்."

"எடுத்தது அதுக்கு முன்னாடி..."

"முன்னாடி என்ன, பின்னாடி என்ன? யாரை ஊர் சுத்த அனுப்பின? உன் பொண்டாட்டியையா?"

"விடுங்க மாமா. நான் திருடன்தான். போதுமா? எப்படியாவது சேர்த்துக் குடுத்துடறேன்."

"அவ்வளவு லேசுல விட்டுடுவேனா? என் பாயிண்ட்ல சொகுசாப் போன மகராசன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

விமானக் கம்பெனியின் எண்ணை அழுத்தினார். சாட்சிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மச்சினனின் முகம் செத்துப்போனது. "மாமா, வேண்டாம். போனை வைங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"இப்ப எதுக்குடா உதறுது?"

பாட்டு ஓடி அடங்கியது. ஒரு பெண் பேசினாள். அவர் செல்லுக்கு வந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தாள்.

"அந்தப் பாயிண்ட்ல ஒரு டிக்கெட் எடுத்திருக்கு சார். ஆனா பயணி ஏர்போர்ட்டுக்கே வரலை. முன்கூட்டி ரத்தும் பண்ணலை. அதனால பாயிண்ட் உங்களுக்குத் திரும்பி வராது."

"வரலையா? யாரும்மா அந்தப் பயணி?"

"உங்க குடும்பத்துல ஒருத்தர்தான் சார். உறவு, மனைவின்னு இருக்கு. போன மாசம் பதினாலாம் தேதி விமானம்."

பன்னிரண்டாம் தேதிதான் அவளை வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கண்ணாடிக்காரர் ஸ்டூலில் நெளிந்தார்.

கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை... நான்தான் பேசறதில்லையே, எப்படிச் சொல்லுவா? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லிக்கலாம்னு நெனைச்சிருப்பா. ஏம்மா, திரும்பி வர்றதுக்கு எந்தத் தேதி போட்டிருக்கு?"

"திரும்பி வர டிக்கெட் எடுக்கலை சார். போறதுக்கு மட்டும்தான்."

"பாயிண்ட் பத்தலையா?"

"இருந்துச்சு சார். மீதிப் பாதியையும் போட்டிருந்தா திரும்பி வரவும் சரியா இருந்திருக்கும். அவங்க வராததுக்கு உடம்பு சரியில்லைங்கிற மாதிரி ஏதாவது காரணம் இருந்தா, ஒரு மனு..."

மச்சினன் எட்டிப் போனை அணைத்தான்.

கண்ணாடிக்காரர், கடைக்கு ஆள் வந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று முனகிக்கொண்டே எழுந்து போனார். அங்கே யாரும் வரவில்லை.

கடைக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மச்சினனைப் பார்க்காமலே கேட்டார்.

"திரும்பி வர வேண்டாம்னு அவதான் சொன்னாளா?"

மச்சினன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சேச்சே, இல்ல மாமா. போக வர ரெண்டுக்கும்தான் அக்கா எடுக்கச் சொன்னா. அவசரத்துல நான்தான் ஒண்ணை விட்டுட்டேன்."

கடைக்காரர் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் மெல்லப் பழையபடி ஏறியது.

"அதானே பார்த்தேன்! ஒரு வேலையை உருப்படியா செஞ்சிருக்கியா நீ? அந்தப் பாதிப் பாயிண்ட் நீதான் எனக்குத் தரணும், சொல்லிட்டேன்."

"ஆமா மாமா" என்றான் மச்சினன். "நான்தான் தரணும்."