மகளின் பெயர்

தணிகைவேலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைகள்தான் அவருக்குப் பேச்சு. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கியபோது, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வலியோடே லேத் பட்டறைக்குப் போய்வந்தார். கடைசியில் மகள் இளவேணிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். “உள்ளே சின்ன எலும்பு உடைஞ்சு, ஒட்டாமலே கெடக்குதும்மா. அப்பவே வந்திருந்தா வெறும் கட்டு போட்டே சரி பண்ணியிருக்கலாம்” என்றார் டாக்டர். அறுவை செய்து திருகாணி வைத்தார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் தணிகைவேல் தரையைக் காலால் தட்டினார். இளவேணி திரும்பினாள். அவர் முஷ்டியை உயர்த்தினார். தவழும் வயதில் தலையை ஆட்டி ஆட்டி வந்தவளுக்கு அவர் வைத்த சைகைப் பெயர் அதுதான்: முஷ்டியை மணிக்கட்டில் மடக்கி நிமிர்த்தி, தலையாட்டுவதுபோல் ஆட்டுவது. இப்போது மணிக்கட்டு மடங்கவில்லை. முழங்கையிலிருந்து கை மொத்தமாக மேலும் கீழும் போனது. கதவைத் தட்டுவது போலிருந்தது. இடது கையால் செய்து பார்த்தார். வேறு யாருடைய மகளையோ கூப்பிடுவது போலிருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தபடி மறுபடி மறுபடி முயன்றார்.

இளவேணி எதிரே வந்து நின்று, அவரைப் போலவே கையை விறைப்பாக ஆட்டிக் காட்டினாள். “இனிமே இதுதாம்ப்பா என் பேரு” என்று சைகையில் சொன்னாள்.

அவர் வேகமாகத் தலையசைத்து மறுத்தார். அவளுடைய முஷ்டியைப் பிடித்து மடக்கினார், நிமிர்த்தினார். பழைய பெயரை அவள் கையாலேயே சொல்லவைத்தார். பிறகு மேசை விளிம்பில் தன் மணிக்கட்டை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மடங்கும்படி அழுத்தத் தொடங்கினார்.