சாப்பிட்டியா தாணு?

பாஸ்வேர்ட் கேட்டுவிட்டுக் கறுப்புத் திரை சும்மா நின்றது.

அவள் அடித்தாள். அடிப்பது எதுவும் திரையில் தெரியாது. ஒரு புள்ளிகூட விழாது. அது அப்படித்தான்.

தப்பு என்றது.

பின்னால் நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் ஜெபசிங் நகத்தைக் கடித்தார். அங்கே ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியல், பதினெட்டு வருஷத்துப் பெயர்கள், மொத்தமும் இந்தப் பழைய சர்வருக்குள் கிடக்கிறது. திறக்கத் தெரிந்த ஒரே ஆள் தாணுமாலயன். அவர் போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் ஒருகாலத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த பெனிலாவைத் திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு வரவழைத்திருந்தார்கள்.

"பதினோரு வருஷமாச்சு. இன்னுமா பழைய பாஸ்வேர்ட மாத்தாம வச்சிருப்பாரு?" என்றாள்.

மாற்றியிருப்பார். மாற்றாமல் என்ன? அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாறுதல் வாங்கிக்கொண்டு போனவள் அவள். சொன்னால் போக மனசு வராது என்று பயந்து போனவள். அவளுடைய கடைசி நாளன்று அவர் லீவு போட்டார். அதன்பிறகு ஒரு போன் இல்லை. அந்தக் கோபத்தோடேயே மனுஷன் போய்விட்டாரே என்று ஒரு மாதமாக அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள்.

யோசித்தால் வராது. விரலுக்குத்தான் தெரியும்.

உள்ளித்தீயல், தேங்காய் வறுத்தரைத்த சின்ன வெங்காயக் குழம்பு. அவள் டிபன் பாக்ஸில் கொண்டுவருவது. அவர் கேட்காமலே எடுத்துத் தின்பது. அதையே ஆங்கில எழுத்தில், பின்னால் அறை எண்ணைச் சேர்த்து அடித்தாள்.

திறந்தது.

"யப்பா, காப்பாத்திட்டீங்கக்கா" என்றார் ஜெபசிங்.

அவள் காதில் விழவில்லை. கட்டளை அடிக்கக் காத்திருக்கும் அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

saaptiya thanu>

அவள் செய்த சேட்டை. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு வேலை மும்முரத்தில் சோற்றை மறக்கிற ஆள். திட்டியும் திருந்தவில்லை. அதனால் ஒருநாள் வழக்கமான வரியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் இந்தக் கேள்வி வரும்படி வைத்துவிட்டாள். எடுக்க வேண்டுமென்றால் அவருக்கு அரை நிமிஷ வேலை.

எடுக்கவில்லை.

பழைய கட்டளைகளைப் பார்க்க, மேல் அம்புக்குறியைத் தட்டினாள். ஏதோ பட்டியல் எடுத்திருந்தார். இன்னொரு தட்டு.

saaptten

தட்டினாள். நான்கு கட்டளை. மறுபடி saaptten. தட்டத் தட்ட, வேலைக்கு நடுவே நாளுக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி.

saaptten. theeyal illa

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு மற்றதும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பட்டியல் முழுவதும் புதிய மிஷினுக்குப் போய்ச் சேர மத்தியானம் மூன்று மணி ஆனது. ஜெபசிங் பிளக் பக்கம் குனிந்தார்.

"ஆஃப் பண்ணிரலாமாக்கா?"

அவள் vanthutten என்று அடித்து என்டரைத் தட்டினாள். மிஷினுக்கு என்ன புரியும்? பிழை என்று ஒரு வரி போட்டுவிட்டு, அடுத்த வரியில் பழையபடி அதையே கேட்டது.

"இருங்க" என்று எழுந்தாள். "சாப்பிட்டுட்டு வந்துடறேன்."