முள்ளம்பன்றி வாரம்

ஐந்து மணிக்குத் தேநீர்க் கூடத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். இதுவரை ஒருவர்கூட முள்ளம்பன்றியைப் பற்றி விசாரிக்கவில்லை.

திலகம் கோப்பைகளைத் துடைத்தபடியே வாசலைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால், மழை கழுவிவிட்ட தேயிலைச் சரிவில் வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. படம் எடுத்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கார்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் அவர் தாமாகவே வகுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் கண்ணை மூடிக்கொண்டு, மகளின் ஆங்கில அகராதியைத் திறந்து விரல் வைப்பார். விரல் பட்ட சொல்தான் அந்த வாரத்துக்கு. ஞாயிறு மாலைக்குள் முன்பின் அறியாத ஒருவர் அந்தச் சொல்லோடு அவரிடம் வர வேண்டும்; அதே சொல்லை வைத்துத் திலகம் பதில் கூற வேண்டும். தாமாக வலிந்து நுழைத்தால் கணக்கில் சேராது.

தீபாவளி வரை ஒரு வாரமும் தவறாவிட்டால், தோட்டத்து மேலாளரான துரையின் அறைக்குச் சென்று, வருகையாளர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் வேலையைத் தமக்குத் தருமாறு கேட்பது. ஒன்று தவறினாலும் வாயைத் திறப்பதில்லை.

இன்று ஞாயிறு. வருகிற வியாழன் தீபாவளி.

இத்தனை வாரமும் முருகப்பெருமான் கைவிடவில்லை. கொப்புளத்துக்கான சொல் வந்த வாரம், செருப்பு கடித்துக் காலை இழுத்துக்கொண்டு ஒரு ஜெர்மானியப் பெண்மணி வந்து சேர்ந்தார். முடிதிருத்துநர் என்னும் சொல் வந்த வாரம், தாடியைச் சொறிந்தபடி ஒரு ஜப்பானிய இளைஞர்.

ஆனால், போர்க்குபைன் என்னும் முள்ளம்பன்றி? தேநீர் குடிக்க வருகிறவருக்கு அதனோடு என்ன காரியம்?

காலையில் கணவர் யோகேந்திரனிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோது, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“என்னா பேரு லா அது! எனக்கு யெஸ், நோ தவிர ஒன்னும் வாயில நுழையாது. என்னைய விட்டுரு, திலகம்.”

இப்போதும் அவர் வெளியே லோரிப் படியில் அமர்ந்து, மனைவியை அழைத்துப்போகக் காத்திருந்தபடி, கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

திலகம் கடைசிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது கதவு திறந்தது.

வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் நேரே முகப்பு மேசைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மிகுந்த பணிவோடு ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த மலையில் போர்க்குபைன் இருக்கிறதாமே, உண்மைதானா?

கோப்பை ஒரு துள்ளுத் துள்ளித் திலகத்தின் கைக்கே திரும்பியது.

“யெஸ், சார்!”

இருட்டிய பிறகு போர்க்குபைன்கள் காட்டோரமாக வரும் என்றும், மரவள்ளிக் கிழங்கென்றால் அவற்றுக்கு உயிர் என்றும், தயவுசெய்து பின்பக்கமாக மட்டும் நெருங்க வேண்டாம் என்றும் ஆங்கிலத்திலேயே, முழு வாக்கியங்களாக, இடையில் ஒரே ஒருமுறை மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லி முடித்தார். முதியவர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பெட்டித் தேயிலையும் வாங்கிச் சென்றார்.

இடுப்பில் கட்டிய வேலைத் துணியை அவிழ்க்கவும் மறந்து திலகம் வெளியே ஓடினார்.

“என்னங்க! கேட்டுட்டாருங்க! நாளைக்கே துரைகிட்ட பேசப் போறேன்!”

“அட, நெசமாவா?” என்று யோகேந்திரன் கடலைப் பொட்டலத்தை நழுவவிட்டு வியந்தார். வியப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அந்நேரம் அவர்களைக் கடந்த ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. வெள்ளைத் தொப்பி ஒன்று வெளியே அசைந்தது.

“தேங்க் யூ, மிஸ்டர் போர்க்குபைன்!”

“மை பிளெஷர், சார்! டிரைவ் கேர்ஃபுலி! தி ரோட் இஸ் ஸ்லிப்பரி!”

யோகேந்திரனின் கை தானாக உயர்ந்து, வாயும் தானாகத் திறந்துவிட்டது. பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திலகம் அவரைப் பார்த்தார். லோரியைப் பார்த்தார். கொப்புளத்தோடு அந்தப் பெண்மணி வந்த அன்றும் இந்த லோரி இதே இடத்தில்தான் நின்றிருந்தது. தாடிக்காரர் வந்த அன்றும்.

சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“நாளைக்குக் காலையில நல்லா சேவ் பண்ணிட்டுக் கெளம்புங்க,” என்றார். “துரைகிட்ட ரெண்டு வேல கேக்கப் போறோம்.”