அறுந்த மாலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டுக் கல்லறைத் திருநாள். காஞ்சிக் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர்களுக்கு மாலை சாத்தும் தொண்டில் லில்லியும் தோழி அம்சாவும் ஈடுபட்டிருந்தனர். முந்தைய ஆண்டுப் போரில் மாண்ட லில்லியின் கணவன் சவரிநாதனின் உடல் ஊர் திரும்பவில்லை. பட்டாளத்தில் சேருமுன் அவன் நெசவாளியாய்த் தறியில் அமர்ந்த நாளில் உடுத்திய வேட்டியையே இந்தத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள். உயிரேனும் வீடு சேர்ந்ததா என்பது அவளுடைய ஓயாத ஏக்கம்.

அவனுக்குரிய மாலை நடுவில் அறுந்தது. அதைக் கல்லின்மேல் கிடத்திவிட்டு இருவரும் நூல் வாங்கி வந்தனர். மாலை முழுதாய்க் கிடந்தது. தறியில் அறுந்த பாவிழையைப் பிணைக்கும் நெசவாளர் செய்வதுபோல், முடிச்சின்றி, சாம்பல் தொட்டு, இடப்புறமாக முறுக்கி இணைக்கப்பட்டிருந்தது.

“யாரும்மா செஞ்சிருப்பாங்க? இங்க ஈ காக்கா இல்லியே,” என்றாள் அம்சா.

“எங்க வூட்டுக்காரருக்கு இடக்கைதான். நான் முடிச்சு போட்டா, சுண்டைக்காயாட்டம் இருக்குதுன்னு சிரிப்பாரு.”

லில்லி அடுத்த மாலையை எடுத்து, வேண்டுமென்றே அதன் நடுநூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதையும் அவன் கல்லின்மேல் வைத்துவிட்டு, கூச்சக்காரருக்கு இடம் விடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.