சத்தம் வராத இணைப்பு

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியை லைன்மேன் திறந்தான். கட்டிடத்தின் எட்டு வீட்டு போன் ஒயர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன.

"மூணாவது மாடி என் வீடு. அந்த லைன்ல இருந்து கீழ என் கடைக்கு ஒரு பேரலல் ஜாக் போடணும். மேல பேசுறது இங்க கேக்கணும்" என்ற கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தினமும் பதினோரு மணிக்கு என் சம்சாரம் யார்கிட்டயோ பேசுறா. கேட்டா மழுப்புறா."

"கவலைய விடுங்க சார். நீங்க இங்க எடுத்தா அங்க க்ளிக்னுகூட கேக்காது."

"கண்டுபிடிச்சிட்டா?"

"சான்ஸே இல்ல. எங்க வீட்லயே போட்டிருக்கேன். ஆறு மாசமாச்சு, அவளுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. தப்பா ஒரு பேச்சு இல்ல. நிம்மதியா தூங்குறேன்."

வேலை முடிந்தபோது மணி பதினொன்று. கடை போனில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"முதல்ல நான் டெஸ்ட் பண்றேன்" என்று ரிசீவரைக் காதில் வைத்தான்.

"பக்கத்து வீட்டு போன்ல இருந்துதான்டி பேசுறேன்" என்றது ஒரு குரல். "எங்க வீட்லதான் அவர் ஒயர் போட்டு ஒட்டுக் கேக்குறாரே! ஆறு மாசமா அதுல காய்கறி விலைதான் பேசுறேன். பாவம், நிம்மதியா தூங்குறார்!"

இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லைன்மேன் ரிசீவரைக் கீழே வைத்தான்.

"யாரு, ஆம்பளையா?" கடைக்காரர் அவன் தோளை உலுக்கினார்.

"பொம்பளை."

"யாருன்னு தெரியுதா?"

"தெரியலை சார்" என்றான்.

பன்னிரண்டு வருடத்தில் தன் மனைவி இப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.